மரியாதைக்கு ஒரு ‘வேண்டாம்’

ஸ்லைகோ ஊரில் பல் வலி வந்த யாருக்கும் ஃபிடெல்மா கெரிகனைத் தெரியாமல் இருக்க முடியாது. பல் டாக்டரின் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் “வலிக்கவே வலிக்காது” என்று முப்பது வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். அது சம்பளத்துக்குச் சொல்கிற பொய். மற்றபடி அவளைப்போல நல்லவள் அந்த ஊரில் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லவள் என்று பெயர் எடுத்தவர்களுக்கு என்ன கதி நேருமோ அது அவளுக்கும் நேர்ந்தது.

அவள் பிறந்ததிலிருந்து எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. அந்த ஊரில் யாருமே சொல்வதில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது, சரி, அரைக் கோப்பை போதும் என்று சொல்லி உட்கார வேண்டும். பிறகு மூன்று கோப்பை குடித்து, கேக்கையும் காலி செய்துவிட்டுப் போகலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். முதல் தடவையே சரி என்று சொல்கிறவனைத்தான் வளர்ப்பு சரியில்லை என்பார்கள்.

இந்த மரியாதையால் அவள் ஒரு கல்யாணத்தையே கோட்டைவிட்டிருக்கிறாள். இருபத்தாறு வயதில், பெல்ஃபாஸ்டிலிருந்து குளிர்பதனப் பெட்டி விற்க வந்த ஒருவர், கட்டிக்கொள்ளலாமா என்று நேராகக் கேட்டார். “போங்க, உங்களுக்கு விளையாட்டுதான்” என்றாள் இவள். பெல்ஃபாஸ்ட் பக்கத்து வடக்கத்திக்காரர்களுக்குச் சுற்றிவளைத்துப் பேசினால் புரியாது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலில் போய்விட்டார். இரண்டாவது தடவை கேட்பார் என்று இவள் கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருந்தாள்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு, ஒரு பிப்ரவரி சனிக்கிழமை, வீட்டுச் சொந்தக்காரர் ஜார்லத் ஃபாலன் வந்தார். பத்தொன்பது வருஷமாக அவருடைய மாடிப் பகுதியில்தான் குடியிருக்கிறாள். ஒரு நாளும் வாடகை தவறியதில்லை. குழாய் ஒழுகினால்கூட அவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று கீழே வாளி வைத்துக்கொண்டாள்.

“டீ குடிக்கிறீங்களா, ஜார்லத்?”

“வேண்டாம் வேண்டாம். இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்.”

“ஒரே ஒரு கப்.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“தண்ணி கொதிச்சிடுச்சு, குடிச்சிட்டுப் போங்க.”

மூன்று கோப்பை குடித்தார். கேக்கில் பாதியைத் தீர்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியல, ஃபிடெல்மா. பெர்த்ல இருக்கால்ல என் பொண்ணு ஈஃபா, அவ ஊருக்கே திரும்பி வர்றா.”

“நல்ல விஷயம்தானே. பாவம், அவ்வளவு தூரத்துல எத்தனை நாளைக்குத்தான் கிடப்பா?”

“அவளுக்கு ஒரு வீடு வேணும்.”

“வேணும்தானே.”

“இந்த வீடுதான் வேணும்.”

சொல்லிவிட்டு ஜார்லத் அழுதுவிட்டார். பத்தொன்பது வருஷம், குடும்பத்தில் ஒருத்தி மாதிரி, எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை என்று விம்மினார். ஃபிடெல்மா எழுந்து போய் அவருக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள், தோளைத் தட்டிச் சமாதானம் செய்தாள், மிச்சக் கேக்கை அவர் மனைவிக்கென்று பொட்டலம் கட்டினாள். மாடிப்படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகுதான், வெளியே போகச் சொல்லப்பட்டது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

சட்டப்படி ஏழு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அவ்வளவு நாளில் ஒரு வீடு கிடைக்காதா என்று நினைத்தாள். வீடு தேடிப் பழக்கம் இல்லாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதலில் பார்த்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில். அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். இரண்டாவதில் படுத்தபடியே அடுப்பில் முட்டை பொரிக்கலாம், அதை ஒரு வசதியாகவே விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டுக்குக் கடல் தெரியும் என்றார்கள். தெரியத்தான் செய்தது, கழிப்பறையின் மேல் ஏறி நின்றால். இந்தப் பொந்துகளைப் பார்க்கத்தான் மழையில் வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை நின்றது. கூர்மூக்கு ஷூ போட்ட ஏஜென்ட் ஒருவன் கதவைத் திறந்து, ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டு, உடனே வெளியே விட்டான்.

வீடுகள் மாறின, வரிசை மாறவில்லை. எங்கே போனாலும் அதே முகங்கள். போலீஸ்காரர் லோர்கனும் அவர் மனைவியும் வருவார்கள். முதல் வீட்டு வரிசையில் அந்தப் பெண் நிறைமாதமாக நின்றாள். குழந்தை பிறந்து, வண்டியில் வந்து, அதற்கு முதல் பல் முளைத்ததையே வரிசையில் நிற்கும்போது ஃபிடெல்மாதான் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட ஆசிரியை நூலா வருவாள். அவள் இருப்பது தன் அண்ணன் வீட்டு கராஜில். அப்புறம் வெலிங்டன். பிரேசில் நாட்டுக்காரன், இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிற வேலை, வயது நாற்பது இருக்கும். அவன் ஒருவன்தான் ஏஜென்டை நேராகப் பார்த்து, “இதுக்கா இவ்வளவு வாடகை? ஏன்?” என்று கேட்பான். வரிசையில் உள்ள மற்ற எல்லோரும் கூச்சத்தில் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் மனதிலும் அதே கேள்விதான். ஆனாலும் அதைப் போய்க் கேட்பார்களா?

ஜூலை பிறந்தும் ஒன்றும் அமையவில்லை. ஃபிடெல்மாவுக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், ஒழுக்கமாக வாழ்ந்து, வரி கட்டி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, தன் துணிமணியைக் காரில் போட்டுக்கொண்டு எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிற நிலைமைக்கு வரலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

உள்ளூர் வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள். அந்த நேரத்தில் ஊரே கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும். யார் போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது அடக்கம் என்று தெரியாவிட்டால் தலை காட்ட முடியாது. அன்றைக்கு வாசித்தார்கள்: அலோஷியஸ் ஃபீனி, ஸ்ட்ராண்ட்ஹில் சாலை. மணமாகாதவர். கோவென்ட்ரியில் இருக்கும் தங்கை பெர்னடெட் ஒருத்தியே உறவு.

ஃபிடெல்மா சிலுவை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தாள். நெற்றி, நெஞ்சு, இடது தோள் வரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. ஸ்ட்ராண்ட்ஹில் சாலை வீடுகளில் மூன்று படுக்கையறை இருக்குமே.

சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அலோஷியஸை அவள் கண்ணால் கண்டதில்லை. அவர் பல்லைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் துக்கத்துக்குப் போவது புண்ணியம், போகிற இடத்தில் காதில் விழுகிறது விழட்டும் என்று மனதுக்கு ஒரு நியாயம் சொல்லி, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினாள்.

அடக்கத்துக்கு முன்பு உடலை வைத்திருந்த கூடத்தின் வாசலில் வரிசை நின்றது. தெருமுனைவரை நின்றது. மழையும் பெய்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள். கறுப்பு டை கட்டிய லோர்கன், குழந்தை வண்டியோடு மனைவி, முக்காடு போட்ட நூலா, சுத்தமான சட்டையில் வெலிங்டன். ஸ்டுடியோவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஏஜென்ட் மட்டும்தான் இல்லை.

“நீங்களும் வந்திருக்கீங்களா?” என்றார் லோர்கன், அவள் முகத்தைப் பார்க்காமல். “அலோஷியஸைத் தெரியுமோ?”

“பாத்தா தலையாட்டிக்குவோம். உங்களுக்கு?”

“எனக்கும் தலையாட்டற அளவுதான்.”

“நல்லா தலையாட்டுவார்,” என்றாள் பின்னாலிருந்து நூலா.

உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன உருவமாக ஒரு கிழவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் பெர்னடெட். பதினெட்டு வயதில் கப்பலேறிப் போய் அறுபது வருஷம் கோவென்ட்ரியில் இருந்தவள். அண்ணன் யாரோடும் ஒட்டாத மனிதர், அடக்கத்துக்கு ஆறு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்து ஓட்டலில் ஆறு பேருக்குத்தான் சாண்ட்விச் சொல்லிவைத்திருந்தாள். வரிசை வர வர அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொன்னார்கள். சட்டத்தை மதித்தவர் என்றார் லோர்கன். எப்போதும் கையில் புத்தகம்தான் என்றாள் நூலா. வெலிங்டன் மட்டும், “எனக்கு அவரைத் தெரியாதும்மா. உங்களுக்கு இப்படி ஆனதுல வருத்தம்” என்றான். பின்னால் நின்ற அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள். பெர்னடெட்டின் கண் நிறைந்துவிட்டது. “பாருங்க, தெரியாதவங்ககூட வந்திருக்காங்க” என்றாள்.

ஃபிடெல்மாவின் முறை வந்தது. வாய் தானாகப் பேசியது.

“சாயங்காலம் நான் அந்தப் பக்கமா நடந்து போவேங்க. உங்க அண்ணன் வீட்டு ஜன்னல்ல எப்பவும் ஒரு விளக்கு எரிஞ்சிட்டிருக்கும். அதைப் பாத்தாலே வீடு வந்து சேந்த மாதிரி ஒரு நிம்மதி.”

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, நிஜமான கண்ணீர். அலோஷியஸுக்காக அல்ல. ஜன்னலும் விளக்கும், உள்ளே போகத் தனக்கு ஒரு சாவியும் இருக்கிற ஏதோ ஒரு வீட்டுக்காக அழுதாள். பெர்னடெட் அவளைக் கட்டிக்கொண்டு, “அழாத கண்ணு, அழாத” என்று கூட அழுதாள். ஃபிடெல்மாவுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வரிசையை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் ஓட்டலுக்குப் போனார்கள். ஆறு பேருக்கான சாண்ட்விச்சை நாற்பது பேருக்கு நறுக்கி நறுக்கி, கடைசியில் ஆளுக்கு ஒரு விரல் அகலம் வந்தது. எல்லோரும் பெர்னடெட்டின் மேசையைச் சுற்றியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்பதா?

“அந்த வீட்டுக் கூரையைப் பாத்துக்கறதே பெரிய வேலை,” என்றார் லோர்கன், காற்றைப் பார்த்து.

“சும்மா கிடந்தா ஈரம் ஏறிடும்,” என்றாள் அவர் மனைவி.

“யாராவது இருந்தா நல்லது.”

“ஆமா. யாராவது.”

“அந்த வீட்டுல யார் இருக்கப் போறாங்க?” என்று கேட்டான் வெலிங்டன்.

என்ன மனிதன் இவன், மண்கூட இன்னும் காயவில்லை என்று எல்லோர் முகமும் சுளித்தது. எல்லோர் உடம்பும் ஒரு சாண் முன்னால் சாய்ந்தது.

பெர்னடெட் மெதுவாக எழுந்து நின்றாள். “வித்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். எங்க அண்ணனுக்கு ஒருத்தரும் இல்லைன்னு அறுபது வருஷமா நினைச்சிட்டிருந்தேன். இவ்வளவு சிநேகிதங்க இருக்கறப்போ முகம் தெரியாதவங்களுக்கு ஏன் விக்கணும்? உங்கள்ல யாராவது வாடகைக்கு இருங்க. பெரிசா ஒண்ணும் குடுக்க வேண்டாம்.” சுற்றிப் பார்த்தாள். “விளக்கைப் பத்திச் சொன்ன பொண்ணு எங்க? ஆங், இங்கதான் இருக்கியா. நீ இருக்கியா கண்ணு, அந்த வீட்டுல?”

ஃபிடெல்மாவுக்கு ஐந்து மாதத்து மழை, வரிசை, பயம் எல்லாம் ஒரே வார்த்தையில் தீரப்போகிறது. எழுந்து நின்று, கையைப் பிசைந்துகொண்டு, வாயைத் திறந்தாள்.

“ஐயோ, எனக்கா? அதெல்லாம் வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

விஷயம் முடிந்தது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வீடு ஃபிடெல்மாவுக்கு. லோர்கன் பெருமூச்சு விட்டு மேல்கோட்டைத் தேடினார். நூலா மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தி, “நல்லா இருங்க” என்றாள். இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டியதுதான் பாக்கி.

“அப்படியா. சரி கண்ணு, உனக்கு இஷ்டமில்லைன்னா பரவால்ல,” என்றாள் பெர்னடெட்.

கோவென்ட்ரியில் அறுபது வருஷம். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. ஃபிடெல்மா திறந்த வாய் திறந்தபடி நின்றாள். அதற்குள் கிழவி லோர்கன் பக்கம் திரும்பிவிட்டாள்.

“நீங்க? கைக்குழந்தை வேற இருக்கு.”

“எங்களுக்கா? இல்ல இல்ல, பரவால்லங்க. நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்,” என்றார் லோர்கன். மனைவி மேசைக்கடியில் அவர் காலை நசுக்கினாள். வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர் மூழ்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நூலா. இவளாவது பிழைத்துக்கொள்வாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெர்னடெட் அவளைப் பார்த்துத் தலையை அசைத்ததும், “என்னைவிட வேற யாருக்காவது ரொம்பத் தேவை இருக்கும்” என்று அவள் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இப்படியே மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக, நல்ல வளர்ப்புள்ள பிள்ளைகளாக, ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

“எனக்கு வேணும்,” என்றான் வெலிங்டன். “நாளைக்கே வர்றேன்.”

“வாங்க தம்பி,” என்றாள் பெர்னடெட். அப்பாடா, ஒரு ஆள் கிடைத்தானே என்று அவளுக்கு நிம்மதி.

ஓட்டல் வாசலில் குடையை விரிக்கும்போது, அவனுக்கு மரியாதை என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆமாம் என்றாள் ஃபிடெல்மா. அந்த இரண்டு நாளில் அவள் சொன்ன ஒரே ஆமாம் அதுதான்.

அதன் பிறகு வந்த வாரங்களில் அவள் தன்மேல் பட்ட கோபத்துக்கு அளவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பல் டாக்டரிடம் வந்தவர்களுக்கு, “வலிக்கும், தாங்கிக்கோங்க” என்று உண்மையைச் சொல்லி அனுப்பினாள். ஜார்லத் வாரம் ஒரு முறை போன் செய்து, ஏதாவது கிடைத்ததா என்று தழுதழுத்தார். கிடைச்சிடும், நீங்க கவலைப்படாதீங்க என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் வாடகை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு சமையலறைப் படத்தில் நின்றாள். ஜன்னல் திரை அழகாக இருக்கிறதே, இதே துணியில்தானே நாமும் தைத்தோம் என்று நினைத்தாள். திரை அவளுடையதுதான். வாடகை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈஃபாவுக்குப் பெர்த் வெயில் மறுபடியும் பிடித்துவிட்டதாம், வீடு சும்மா கிடக்கக்கூடாதே என்றார் ஜார்லத். சனிக்கிழமை ஆட்கள் பார்க்க வருவார்கள், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைக்க முடியுமா, தப்பா நினைக்காதீங்க என்றும் கேட்டார். அவள் ஒழுங்குபடுத்தி வைத்தாள்.

சனிக்கிழமை அவள் மாடிப்படியில் வரிசை நின்றது. அதே முகங்கள்.

“பொண்ணுக்குன்னு காலி பண்ணச் சொல்லிட்டு வேற ஆளுக்கு விடறது சட்டப்படி செல்லாது, ஃபிடெல்மா. புகார் குடுக்கலாம் நீங்க,” என்றார் லோர்கன், அவளுடைய சமையலறை அலமாரியைத் திறந்து ஆழம் பார்த்துக்கொண்டே.

“ஐயோ, எதுக்கு? பாவம் அந்த மனுஷன். டீ குடிக்கிறீங்களா?”

“வேண்டாம் வேண்டாம்.”

அப்போது படியில் சலசலப்புக் கேட்டது. வெலிங்டன் வரிசையை முந்திக்கொண்டு ஏறி வந்தான். வீடு கிடைத்த பிறகும் வரிசையில் வருகிறானே, இவனுக்கு எத்தனை வீடு வேண்டும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை. நேராக ஃபிடெல்மா முன்னால் வந்து நின்றான்.

“டீ குடிக்கிறியாப்பா?”

“குடிக்கிறேன்,” என்று நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் நாட்டில் பெரிய பெண்களை மரியாதையாக ‘டோனா’ என்றுதான் கூப்பிடுவார்கள். “டோனா ஃபிடெல்மா, அந்தப் பாட்டியம்மா தினமும் சாயங்காலம் ஜன்னல்ல விளக்கு போடச் சொல்லியிருக்காங்க. நான் தேடிப் பாத்தேன். அந்த ஜன்னல்ல விளக்கும் இல்ல, விளக்கு மாட்ட வழியும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். அலோஷியஸ் கரண்டுக்குக் காசு போகும்னு இருட்டுலதான் உக்காந்திருப்பாராம்.”

ஃபிடெல்மாவின் முகம் காதுவரைக்கும் சிவந்துவிட்டது. வரிசையே அவளைப் பார்த்தது.

“ஒயர் இழுத்து விளக்கு போட்டுட்டேன்,” என்றான் அவன். “நல்லாத்தான் இருக்கு. மூணு ரூம் இருக்கு அங்க. அடுத்த மாசம் என் மனைவி ரோசாஞ்சலாவும் பொண்ணும் வர்றாங்க. எங்களுக்கு ரெண்டு போதும். நீங்க வாங்க.”

“ஐயோ, எனக்கா? வேண்டாம்ப்பா. நீங்க குடும்பமா இருக்கறப்போ நான் எதுக்கு நடுவுல?”

சொன்ன உடனேயே, போயிற்று, இதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். வெலிங்டன் எழுந்திருக்கவில்லை. டீயை ஒரு வாய் குடித்தான். சர்க்கரை போதவில்லை என்று இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினான்.

“ஸ்லைகோவுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு எனக்கு,” என்றான். “அன்னைக்கு ஓட்டல்ல அந்த அம்மா ஒரே தடவை கேட்டு விட்டுட்டாங்க. எனக்கு வீடு வேணும், அதனால அவங்களுக்கு உங்க ஊர் வழக்கத்தைச் சொல்லாம வாயை மூடிட்டு இருந்தேன். அது தப்புதான். இன்னும் ரெண்டு தடவை கேக்கணும் இல்லையா?”

படியில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். லோர்கன் அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“நீங்க வர்றீங்களா, டோனா ஃபிடெல்மா?”

உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பதுதான் இப்போது சொல்ல வேண்டியது. அது நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. அவள் பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள். பெல்ஃபாஸ்ட்காரரின் தொப்பி நினைவுக்கு வந்தது.

“வர்றேன்,” என்றாள். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தவனை அவள் கேட்க விடவில்லை.